அறிவியல் வகுப்பிலிருந்து சிலர் மட்டும் ஏன் காணாமல் போகிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளின் அறிவியல் துறைகளில் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர், சில துறைகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது கேட்டால் போதும், பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "தகுதி இருந்தால் தானாக வந்திருப்பார்கள்" என்பது ஒரு கட்சி. "எல்லாம் பாகுபாடு" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி மாணவரின் மண்டைக்குள் காரணத்தைத் தேடுகிறது. இரண்டாம் கட்சி ஒரு வில்லனைத் தேடுகிறது. இரண்டு கட்சிக்காரர்களும் வகுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

கல்லூரியில் சேரும் நாளுக்கும் பட்டம் வாங்கும் நாளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பெரும்பாலான ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தவை, அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. இந்த விஷயத்தை முதன்முதலாகப் படிப்பவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்

இந்த மாணவர்களைப் "பிரதிநிதித்துவம் குறைந்தவர்கள்" என்று சொல்கிறார்கள். வாய்க்குள் நுழையாத தொடர்தான், ஆனால் பொருள் எளிது. ஒரு கூடையில் பத்துக்கு மூன்று சிவப்பு மணிகள் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு நூறு மணிகளை எடுத்தால் ஏறத்தாழ முப்பது சிவப்பாக இருக்க வேண்டும். பத்துதான் இருக்கிறது என்றால், கை பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறது, அல்லது எடுத்த பிறகு சிவப்பு மணிகள் நழுவியிருக்கின்றன. எது நடந்தது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். மக்கள்தொகையில் ஒரு பிரிவினருக்குள்ள பங்கைவிட ஒரு துறையில் அவர்களின் பங்கு குறைவாக இருந்தால், அந்தத் துறையில் அவர்கள் பிரதிநிதித்துவம் குறைந்தவர்கள். அவ்வளவுதான்.

இதில் இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். ஒன்று, சிறுபான்மையினர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆசிய அமெரிக்கர்கள் மக்கள்தொகையில் சிறுபான்மை, ஆனால் அறிவியல் துறைகளில் அவர்களின் பங்கு மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். இரண்டு, இது துறைக்குத் துறை மாறும். உயிரியலில் இளநிலைப் பட்டம் வாங்குபவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். கணினி அறிவியலிலும் இயற்பியலிலும் அவர்களின் பங்கு கால் பங்கை ஒட்டியே நிற்கிறது. "பெண்களுக்கு அறிவியல் வராது" என்பவரிடம் இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இன்னொரு பிரிவும் இந்தப் பேச்சில் அடிக்கடி வரும்: முதல் தலைமுறை மாணவர்கள். பெற்றோர் இருவருமே கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள் என்று பொருள்.

ஆர்வம் இல்லாததாலா?

"அவர்களுக்கு அறிவியலில் ஈடுபாடு கம்மி" என்பது பலர் வாயிலும் வரும் விளக்கம். எண்களைப் பார்த்தால் அது நிற்பதில்லை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் படிப்பைத் தொடங்கியவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. வெள்ளையின மாணவர்களில் 29 சதவீதம் பேர் இடையில் வேறு துறைக்கு மாறியிருந்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 37 சதவீதம், கறுப்பினத்தவரில் 40 சதவீதம். வணிகவியல் போன்ற மற்றத் துறைகளில் இந்த இடைவெளி தென்படவில்லை. ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள்தான் இவர்கள். கல்லூரிப் படிப்பே ஒத்துவரவில்லை என்றும் சொல்ல முடியாது.

வெள்ளையினத்தவரிலும் பத்தில் மூன்று பேர் மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழு 2012இல் தந்த அறிக்கையும் இதைத்தான் சொன்னது: இத்துறைகளில் பட்டம் பெறும் எண்ணத்தோடு கல்லூரிக்குள் வருபவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அந்தப் பட்டத்தோடு வெளியே போகிறார்கள். வாசல் எல்லோருக்குமே குறுகல், சிலருக்கு இன்னும் குறுகல்.

இதை "ஓட்டைக் குழாய்" என்று வர்ணிப்பது வழக்கம். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. ஓட்டைக்கு எந்தத் துளி யாருடையது என்று தெரியாது; எல்லாத் துளியும் ஒரே மாதிரிதான் ஒழுகும். தவிர, துளி எதையும் தீர்மானிப்பதில்லை. மாணவர் தீர்மானிக்கிறார். ஒரு நாள் இரவு உட்கார்ந்து யோசித்து, "இது எனக்கு வேண்டாம்" என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவை நோக்கி அவரை எது நகர்த்தியது என்பதுதான் கேள்வி.

இருட்டு வீட்டில் சுவிட்ச்

ஒரு வீட்டுக்கு முதல் முறை போகிறீர்கள், இரவு நேரம். மின்சாரம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சுவிட்ச் எங்கே என்பது மட்டும் தெரியாது. அங்கேயே வளர்ந்தவர் கையை நீட்டினால் விரல் நேராகச் சுவிட்சில் போய் விழும். நீங்கள் சுவரைத் தடவி, நாற்காலியில் இடித்துக்கொண்டு, கடைசியில்தான் கண்டுபிடிப்பீர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் சுறுசுறுப்பானவர், நீங்கள் மந்தம்.

கல்லூரியிலும் இப்படிச் சுவிட்சுகள் உண்டு. எந்தக் கையேட்டிலும் அச்சிடப்படாமல், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும் வழக்கங்களை "மறைமுகப் பாடத்திட்டம்" என்கிறார்கள். பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்குவார்கள். பட்டதாரிக் குடும்பத்துப் பிள்ளை முதல் வாரமே போய்ப் பேசிவிட்டு வரும். முதல் தலைமுறை மாணவர், "அந்த நேரத்தில் அவர் வேலையாக இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது" என்று மரியாதையோடு ஒதுங்கி நிற்பார். இல்லாவிட்டால், தோற்றுப்போனவர்கள் மட்டும் போகிற இடம் அது என்று நினைப்பார். ஆய்வகத்தில் இடம் கிடைக்கப் பெரும்பாலும் விளம்பரம் வராது; தானாக ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். அப்படி எழுதலாம் என்பதே பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவரும். அதற்குள், பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்குத் தன்னை அறிந்த ஒரு பேராசிரியர்கூட இல்லாத நிலை வந்திருக்கும்.

யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, கவனியுங்கள். வில்லன் இல்லாமலேயே கதை நடக்கிறது.

வடிகட்டும் பாடங்கள்

முதலாண்டு வேதியியல், நுண்கணிதம், இயற்பியல் ஆகியவற்றைத் தாண்டாமல் மேலே போக முடியாது. பல கல்லூரிகளில் இவை சில நூறு பேர் உட்காரும் அரங்கில், ஒருவர் பேச மற்றவர் எழுத, மொத்தத்துக்கு இரண்டோ மூன்றோ தேர்வுகளோடு முடிந்துவிடும். வருவோரில் பெரும்பகுதியைக் கழிப்பதே வேலை என்பதுபோல் இயங்குவதால் இவற்றை "வடிகட்டும் பாடங்கள்" என்று சொல்கிறேன்.

இங்கே மதிப்பெண் போடும் முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உயரம் தாண்டுதலில் கம்பு ஓர் உயரத்தில் நிற்கும்; தாண்டியவர் எல்லோரும் தாண்டியவர்தான். ஓட்டப்பந்தயத்தில் எல்லோரும் வேகமாக ஓடினாலும் பதக்கம் மூன்றுதான். பல வடிகட்டும் பாடங்கள் இரண்டாவது வகை. முதல் தரம் இத்தனை சதவீதம் பேருக்குத்தான் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்கும். இதை "ஒப்பீட்டு மதிப்பெண்" என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் என் தரம் இறங்கலாம் என்ற நிலையில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

தொடக்கக் கோடும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. எல்லாப் பள்ளிகளும் நுண்கணிதம் சொல்லித்தருவதில்லை. பள்ளியிலேயே அதை ஒரு வருடம் படித்தவரும், அந்தப் பெயரை இப்போதுதான் கேட்பவரும் ஒரே வகுப்பில், ஒரே ஒப்பீட்டில் அமர்கிறார்கள். ஒருவர் ஏற்கெனவே படித்திருக்கிறார் என்பது, "அவருக்கு மூளை அதிகம்" என்று வாசிக்கப்படுகிறது.

எலைன் சீமூர், நான்சி ஹெவிட் என்ற இரு சமூகவியலாளர்கள் ஏழு கல்லூரிகளில் அறிவியல் படித்தவர்களை நேரில் சந்தித்துப் பேசி, 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விலகியவர்களும் நிலைத்தவர்களும் திறமையில் பெரிதாக வேறுபடவில்லை. விலகியவர்களில் பத்தில் ஒன்பது பேர் கற்பித்தல் மோசம் என்றார்கள். சுவாரசியம் என்னவென்றால், நிலைத்தவர்களில் பெரும்பாலோரும் அதே குறையைத்தான் சொன்னார்கள். ஒரே மழையில்தான் எல்லோரும் நனைந்திருக்கிறார்கள்.

ஒரே மதிப்பெண், இரண்டு அர்த்தம்

ஒரே மழை என்றால் சிலருக்கு மட்டும் ஏன் சளி பிடிக்கிறது? இந்தக் கட்டுரையின் மையமே இதுதான், அதனால் மெதுவாகப் போவோம்.

முதல் வேதியியல் தேர்வில் இருவர் நூற்றுக்கு 48 வாங்குகிறார்கள். முதலாமவரின் அக்காவும் இதே பாடத்தில் முதல் தேர்வில் கோட்டைவிட்டவர்தான், இப்போது மருத்துவர். அவரைப் பொறுத்தவரை 48 என்பது ஒரு மோசமான நாள். இரண்டாமவருக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அரங்கில் தன்னைப் போன்றவர்கள் இரண்டு மூன்று பேர்தான். "உங்களுக்கெல்லாம் இது வராது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கையில் இருக்கும் 48 ஒரு நாளின் கணக்காக இல்லை, தீர்ப்பாக இருக்கிறது.

பிறகு நடப்பது ஒரு வட்டம். தீர்ப்பு என்று நினைப்பவர் கேள்வி கேட்கமாட்டார், ஏனென்றால் கேட்டால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். சந்திப்பு நேரத்துக்குப் போகமாட்டார். அறையில் தனியாகப் படிப்பார். தனியாகப் படிப்பதால் அடுத்த மதிப்பெண்ணும் உயராது. அது முதல் தீர்ப்பை உறுதி செய்யும்.

இந்த வட்டத்தின் நிழலை எண்களிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஆறு பெரிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் பதிவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. தொடக்கப் பாடங்கள் எல்லாவற்றிலும் சி தரமோ அதற்கு மேலோ வாங்கிய, சராசரி முன்தயாரிப்புள்ள வெள்ளையின ஆண் மாணவர் அறிவியல் பட்டம் பெறும் வாய்ப்பு 48 சதவீதம். அதே தயாரிப்பும் அதே தரங்களும் உள்ள, பிரதிநிதித்துவம் குறைந்த இனத்தைச் சேர்ந்த பெண்ணுக்கு 35 சதவீதம். ஒரே ஒரு தொடக்கப் பாடத்தில் சி தரத்துக்குக் கீழே போனால் முன்னவருக்கு 33, பின்னவருக்கு 21. இருவருமே சரிகிறார்கள். ஆனால் அந்தப் பெண் எல்லாவற்றிலும் தேறியபோது நின்ற இடமும், அந்த வெள்ளையின ஆண் ஒன்றில் தவறியபோது நிற்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்த வட்டத்தின் பகுதிகளுக்கு உளவியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். "நான் இந்த இடத்துக்கு உரியவன், உரியவள்" என்ற நம்பிக்கை உரிமையுணர்வு. தன் பிரிவைப் பற்றிய இழிவான எண்ணத்தைத் தன் தவறு மெய்ப்பித்துவிடுமோ என்ற பதற்றம் முத்திரை அச்சம். 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் நடத்திய சோதனைகளால் இது பிரபலமானது. ஒரு எச்சரிக்கை: பிற்காலத்தில் நடந்த பெரிய மறுசோதனைகள் சிலவற்றில் அந்த விளைவு சிறிதாக இருந்தது, சிலவற்றில் தென்படவே இல்லை. ஆகவே எல்லாப் பழியையும் அதன்மேல் போடும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

ஆசிரியரின் நினைப்பும் இந்த வட்டத்துக்குள் புகுந்துவிடுகிறது. 150 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களிடம் படித்த 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அறிவு பிறவியிலேயே வாய்ப்பது, மாறாதது என்று நம்பிய ஆசிரியர்களின் வகுப்புகளில், இனப் பிரிவுகளுக்கு இடையிலான மதிப்பெண் இடைவெளி மற்ற வகுப்புகளைப்போல இரண்டு மடங்கு இருந்தது. ஆசிரியரின் வயதோ இனமோ அனுபவமோ இந்த அளவுக்கு வித்தியாசத்தை விளக்கவில்லை.

இதுவரை பார்த்தது: சேர்கிறவர்களிடம் ஆசை இருக்கிறது. எழுதப்படாத வழக்கங்கள் சிலருக்குத் தெரிகின்றன, சிலருக்குத் தெரிவதில்லை. வடிகட்டும் பாடம் எல்லோரையும் அடிக்கிறது, ஆனால் அடியின் அர்த்தத்தைச் சொல்ல ஆளில்லாதவர் தனிமைக்குள் போகிறார். தனிமை அடுத்த அடியைக் கொண்டுவருகிறது. இனி, இந்த வட்டத்தை எங்கே அறுக்கலாம் என்பது.

பெர்க்லியில் ஒருவர் பின்தொடர்ந்து பார்த்தது

1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் முனைவர் பட்டம் படித்துக்கொண்டே கற்பித்தலிலும் ஈடுபட்டிருந்தார். நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் தோற்பதும் சீன அமெரிக்க மாணவர்கள் ஜெயிப்பதும் அவரை உறுத்தின. ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஊக்கம் குறைவு, பள்ளித் தயாரிப்பு போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று நான்கு பதில்கள் வந்தன. அவர் ஒவ்வொன்றையும் சோதித்தார். பெர்க்லிக்கு வந்திருந்த கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளிகளில் முதலிடம் பிடித்தவர்கள். பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. நான்கு பதில்களும் உதிர்ந்தன.

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. இரு பிரிவிலிருந்தும் இருபது இருபது பேராகத் தேர்ந்து, ஏறத்தாழ 18 மாதங்கள் அவர்களோடு சுற்றினார். விடுதிக்குப் போனார், படிக்கும்போது கூடவே உட்கார்ந்தார்.

கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் படித்தார்கள். வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்று கல்லூரி சொன்ன கணக்கு அது. சொன்னதை அப்படியே, ஒழுங்காக, தனித்தனியாகச் செய்தார்கள். நண்பர்கள் இருந்தார்கள், ஆனால் நட்பு வேறு படிப்பு வேறு என்று வைத்திருந்தார்கள். சீன மாணவர்கள் ஏறத்தாழ 14 மணி நேரம் படித்தார்கள். தனியாகப் போட்டுப்பார்த்துவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அந்தக் கணக்கு கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. தனக்குத்தான் வரவில்லை என்று நினைப்பார். மேலே சொன்ன 48இன் கதை இங்கே அச்சாகத் தெரிகிறது.

கல்லூரியில் உதவி வகுப்புகள் இல்லாமல் இல்லை. "பின்தங்கியவர்களுக்கு" என்று பலகை மாட்டிய அறைக்குள் பள்ளியில் முதலிடம் பிடித்த எவர் போவார்? அதனால் ட்ரைஸ்மன் 1970களின் பிற்பகுதியில் நேர் எதிரான ஒன்றைத் தொடங்கினார். நன்றாகப் படிக்கிறவர்களுக்கான பயிலரங்கு என்று அழைப்பு விடுத்தார். சாதாரண வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைத் தந்து, குழுவாக உட்கார்ந்து போடவைத்தார். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் நுண்கணிதத் தரங்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட வெகுவாக உயர்ந்தன. பிறகு பல கல்லூரிகள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. எளிமையாக்கித் தருவதுதான் உதவி என்ற எண்ணத்தை இவ்வளவு அழகாகக் கவிழ்த்த இன்னொரு சோதனையை நான் படித்ததில்லை.

வகுப்பையே மாற்றினால்

பயிலரங்கு வகுப்புக்கு வெளியே நடப்பது. வகுப்புக்கு உள்ளேயே அதைச் செய்ய முடியுமா? மாணவர்கள் வகுப்பு நேரத்தில் கேள்விகளுக்குக் குழுவாக விடை தேடுவது, பேசுவது, போட்டுப்பார்ப்பது ஆகியவற்றைப் பங்கேற்புக் கற்றல் என்பார்கள். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் வெளியிட்ட கணக்குப்படி, விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தோற்றார்கள். பங்கேற்பு வகுப்புகளில் 22 சதவீதம். 2020இல் வந்த தொடர் ஆய்வு, இந்த மாற்றம் பிரதிநிதித்துவம் குறைந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளியை 33 சதவீதமும், தேர்ச்சி இடைவெளியை 45 சதவீதமும் சுருக்கியதாகச் சொன்னது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஒரு தொடக்க உயிரியல் பாடத்தில் செய்தது இன்னும் எளிமை. வகுப்புக்கு முன் படித்து வரச் சிறு வீட்டுப்பாடம், அதற்குக் கொஞ்சம் மதிப்பெண், வகுப்பில் செயல்பாடு. எதை, எப்போது, எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பாடமே சொல்லிவிட்டது, அதாவது சுவிட்சுகளின்மேல் பெயர் எழுதி ஒட்டியாயிற்று. கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு இடையிலான இடைவெளி பாதியானது. முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலானது மறைந்தே போனது.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 2000களின் நடுப்பகுதியில் கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் பத்து சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். தொடக்கப் பாடத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, தெரியாதவர்களுக்கு ஒன்று. ஜாவா என்ற நிரல் மொழிக்குப் பதிலாக, தொடங்குவோருக்கு எளிதான பைத்தான் வந்தது. வகுப்பில் தன் அறிவைக் காட்டி மற்றவர்களை மிரளவைக்கும் மாணவரை ஆசிரியர் தனியே கூப்பிட்டு, "நம்ம இரண்டு பேரும் அப்புறம் பேசலாம்" என்று பக்குவமாகச் சொன்னார். மாணவிகளைத் துறையின் பெண்கள் கூடும் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள், முதலாண்டு முடிந்ததுமே ஆய்வு வேலை தந்தார்கள். சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு நாற்பது சதவீதத்தைத் தொட்டது. மாணவிகளின் மூளையில் யாரும் கை வைக்கவில்லை.

கூட்டமாகச் சேர்ப்பது

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கியும் கொடையாளர் ராபர்ட் மையர்ஹாஃபும் தொடங்கிய மையர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம், மேலே பார்த்த எல்லாத் தடைகளையும் ஒரே நேரத்தில் தாக்கியது. முதல் அணி 1989இல் சேர்ந்த 19 கறுப்பின ஆண்கள். கல்லூரி தொடங்குமுன்பே கோடையில் கூட்டாகத் தங்கிப் படிப்பது, ஒருவர் தேறினால் போதாது எல்லோரும் தேற வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம், பணக் கவலையைக் குறைக்கும் உதவித்தொகை, சீக்கிரமே ஆய்வக வேலை. அரங்கில் தன்னைப் போன்ற இரண்டு மூன்று பேரைத் தேடும் நிலை இதில் வராது.

இதன் பலனை அளந்த விதம் எனக்குப் பிடிக்கும். இத்திட்டத்தில் இடம் கிடைத்தும் வேண்டாம் என்று வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்புமே கெட்டிக்காரர்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. மாடர்னா கொரோனா தடுப்பூசியின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேக்கியா கார்பெட் இத்திட்டத்தில் படித்தவர்தான்.

ஆய்வகக் கதவும் காசும்

ஆய்வக அனுபவம் இல்லாமல் மேல்படிப்புக்குப் போவது கடினம். ஆனால் பல ஆய்வக வேலைகளுக்குச் சம்பளம் இல்லை. மாலையில் கடையில் நின்று சம்பாதித்து வாடகை கட்டுபவர் அந்த நேரத்தை எப்படி இலவசமாகத் தருவார்? காசு இல்லாததால் வரும் தடை இது, இதற்கு உளவியல் மருந்து எதுவும் வேலை செய்யாது.

தேர்ந்தெடுக்கும் கண்ணும் சரியாக இல்லை. 2012இல் ஒரு சோதனையில் 127 அறிவியல் ஆசிரியர்களுக்கு, ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போனதில் பெயர் ஜான், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 30,238 டாலர் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. ஆசிரியைகளும் ஆசிரியர்களைப் போலவே மதிப்பிட்டார்கள்.

இதற்கு ஒரு வழி, ஆய்வையே பாடமாக்குவது. பதிவு செய்தால் போதும், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை மூன்று பருவங்களுக்கு உண்மையான ஆய்வில் ஈடுபடுத்துகிறார்கள். மூன்றையும் முடித்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறும் வாய்ப்பு 66 சதவீதத்திலிருந்து 83 ஆக உயர்ந்தது என்று 2016 ஆய்வு சொல்கிறது.

ஒரு மணி நேரப் பயிற்சி போதுமா?

2011இல் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் வெளியிட்ட முடிவு பெரும் பரபரப்பானது. முதலாண்டில் எல்லோருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும் என்று மூத்த மாணவர்கள் சொன்ன அனுபவங்களைப் படித்து, அதைப் பற்றி எழுதுவது; மொத்தம் ஒரு மணி நேரம். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, இடைவெளி பாதியானது. 48க்குச் சரியான அர்த்தம் சொல்லும் அக்காவை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தது மாதிரி.

ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. 2023இல் 22 கல்லூரிகளில் 26,911 மாணவர்களிடம் இதைத் திரும்பச் செய்தார்கள். பலன் கிடைத்தது, அளவில் சிறியது. அதுவும் அந்தப் பிரிவினர் உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்புத் தந்த கல்லூரிகளில் மட்டும். "நீயும் இங்கே உரியவர்தான்" என்று சொல்லிவிட்டு, அப்படி நடத்தாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. விலை குறைவு என்பதால் நிர்வாகங்கள் இந்த மாதிரிப் பயிற்சியைத்தான் முதலில் வாங்குகின்றன என்பது என் சந்தேகம்.

தரம் குறைந்துவிடாதா?

நியாயமான கேள்விதான். ட்ரைஸ்மனின் கணக்குகள் மற்ற வகுப்பைவிடக் கடினமானவை. பங்கேற்பு வகுப்புகளில் எல்லாப் பிரிவினரின் தோல்வியும் குறைந்தது. யாரிடமிருந்தும் எதையும் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை.

சேர்க்கை விவாதத்தையும் இதையும் கலந்து பேசுவது இன்னொரு வழக்கம். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்தது. உள்ளே வந்த பிறகு வேதியியலை எப்படி நடத்துவது என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் தருவதற்கும் குழுவாகக் கணக்குப் போடவைப்பதற்கும் யாருடைய இனமும் தெரிய வேண்டியதில்லை. மையர்ஹாஃப் திட்டமேகூட 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்கிறது.

ஒரு கல்லூரி தன் திட்டம் வெற்றி என்று அறிவித்தால், இத்தனை பேரைச் சேர்த்தோம் என்ற எண்ணோடு நிறுத்திவிடும். அடுத்து இதைக் கேட்டுப்பாருங்கள்: முதல் வேதியியல் பாடத்தில் சி தரத்துக்குக் கீழே வாங்கியவர்களில், எந்தப் பிரிவில் எத்தனை பேர் அடுத்த பருவமும் அதே துறையில் இருந்தார்கள்?